மணிக்கூண்டு உயரத்துக்குத் தண்ணீர்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுகிறேன். நானும் அவரும் சௌக்கியம். குளிர்தான் ஆளை விட மாட்டேன் என்கிறது. இரண்டு ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் அதுதான் காரணம். அம்மாவின் முட்டி வலி தேவலையா? அண்ணன் இன்னும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கிறாரா?

ஒரு விஷயம் மனதைப் போட்டு அரித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் பல்கலைக்கழகத்து மலர் நேற்று தபாலில் வந்தது. ஆகஸ்டில் நீரூற்றுக்கு நூறாவது ஆண்டு விழாவாம். அட்டையில் நீரூற்றின் படம். படம் சரியாக அச்சாகவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், தண்ணீர் முழங்கை உயரம்கூட இல்லை அண்ணி. எனக்கு வயிறு எரிந்துவிட்டது.

எங்கள் நாளில் அந்தத் தண்ணீர் நூலகத்து மணிக்கூண்டைத் தொடும். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவோம். "எங்க பார்க்கலாம்?" என்று கேட்கிறவர்களே கிடையாது, வேறு இடம் இருந்தால்தானே கேட்பதற்கு. சண்டை போட்டவர்கள் அதற்கு இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்திருப்பார்கள். காற்று அடித்து இரண்டு பேரும் நனைந்ததும் சிரித்துவிடுவார்கள். இங்கே நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் என் மேஜைமேல் அதன் படம்தான் இருக்கிறது. "இது என்ன அரண்மனை?" என்று ஒருத்தி கேட்டாள். "நான் படிச்ச இடம்" என்றேன். அன்றைக்குப் பூராவும் தலைகால் புரியவில்லை எனக்கு.

நீங்கள் தண்ணீர் வாரியத்தில்தானே இருக்கிறீர்கள். ஆபீஸ் போகிற வழியில் ஒரு எட்டு உள்ளே போய்ப் பார்த்து எழுதுங்களேன். எங்கள் வீட்டில் அப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் அங்கே படித்தவர்கள். உங்களுக்கு இந்தப் பைத்தியம் புரியாது, எங்களுக்காகப் பாருங்கள்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள்
வாலு


பிப்ரவரி 2

அன்பு வாலுவுக்கு,

வீட்டில் எல்லாரும் நலம். அத்தைக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, அதனால் சமையலறைக்குள் வந்து எனக்கு உத்தரவு போடுவது கூடியிருக்கிறது. உன் அண்ணன் அப்படியேதான். உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

நீ சொன்ன இடத்தைப் பார்த்தேன். ஒரு முறை இல்லை, பல முறை. நீ கும்பிடுகிற அந்த ஊற்று உச்சியில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. மூன்று தட்டும் பாசி. தண்ணீர் முதல் தட்டில் விழுந்து விளிம்பு வழியாக ஒழுகுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கல்வேலை இருக்கிறதே, தொட்டியின் விளிம்பு, ஒரு இடத்திலும் மட்டம் தவறவில்லை. நூறு வருஷமாகப் பிள்ளைகள் உட்கார்ந்து உட்கார்ந்து கல்லே வழவழவென்று ஆகியிருக்கிறது. அதை மோட்டார் எதுவும் தள்ளவில்லை என்பதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. நூலகத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு தொட்டி. அங்கிருந்து இறங்குகிற வேகத்திலேயே தண்ணீர் மேலே எழ வேண்டும். அங்கே படிக்காத எனக்கும் உன் பைத்தியம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்.

கூடத்துச் சுவரில் மாமா, உன் அண்ணன், நீ, மூன்று பேரும் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நீரூற்றுக்கு முன்னால் நிற்கிற படங்களைத் துடைக்கும்போது பார்த்தேன். மூன்றிலும் தண்ணீர் உச்சி தெரியாமல் சட்டத்துக்கு வெளியே போகிறது.

இன்னொரு செய்தி. எனக்கு வேறு இடத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. எங்கே என்று இப்போது கேட்காதே. உருப்படியாக ஒரு காரியம் செய்து முடித்துவிட்டு நானே சொல்கிறேன். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன் என்பது மட்டும் இப்போதைக்கு. "வேலைக்குப் போறியா, மீன் பிடிக்கப் போறியா?" என்று அத்தை கேட்கிறார்.

குளிரில் காதை மூடிக்கொள்.

உன்
அண்ணி


மார்ச் 10

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லாரும் நலம், நான் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே எல்லாரும் நலமென்று நம்புகிறேன். மாற்றல் எங்கே என்று சொல்லாமல் பீடிகை போடுகிறீர்கள், பதவி உயர்வா? வாழ்த்து முன்கூட்டியே.

கேளுங்கள் இதை. என்னோடு விடுதியில் இருந்தவள் ஒருத்தி அங்கேயே விரிவுரையாளராக இருக்கிறாள். அவள் எழுதியிருக்கிறாள், நீரூற்றை அடியோடு நிறுத்திவிட்டார்களாம். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நூலகத்திலிருந்து வாசல் வரைக்கும் புல்வெளியைப் பள்ளமாகத் தோண்டிப் போட்டிருக்கிறார்களாம். யார் இந்த மேதாவி என்று விசாரித்தால், புதிதாக வந்திருக்கிற பராமரிப்புப் பொறியாளர், ஒரு பெண்மணி, வெறும் டிப்ளமோவாம். நூறு வருஷச் சொத்தை யார் கையில் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள். உங்களைச் சொல்லவில்லை அண்ணி, நீங்கள் வேறு.

சும்மா விடுவேனா? நான் இங்கே முன்னாள் மாணவர் சங்கத்தின் செயலாளர். தலைவரை உங்களுக்குத் தெரியாது, வெயில் காலத்திலும் கோட்டைக் கழற்றாதவர், கோட்டுக்காரர் என்றுதான் நாங்கள் சொல்வோம். அவர் வீட்டில் கூட்டம் போட்டோம். பதிவாளருக்கு ஒரு மனு. எழுதியது நான். "நான்கு தலைமுறை மாணவர்களின் பெருமையை, முறையான பட்டம் பெறாத ஒருவரின் சோதனைக்கு விட்டுவிட வேண்டாம், தகுதியுள்ள பொறியாளரை உடனே நியமியுங்கள்" என்று ஒரு வரி. கோட்டுக்காரர் கைதட்டிவிட்டார். முதல் கையெழுத்தும் என்னுடையதுதான். பக்கத்தில் இருந்திருந்தால் உங்களிடம் காட்டி, குழாய் சம்பந்தமாகக் காரமாக இரண்டு வரி சேர்த்திருப்பேன்.

அம்மாவின் முட்டிக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். காந்தும், ஆனால் கேட்கும்.

உங்கள்
வாலு


ஏப்ரல் 29

அன்பு வாலுவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். தைலம் வந்தது. அத்தைக்குக் கேட்கிறது. பதில் எழுத நாளாகிவிட்டது, வேலை அதிகம்.

அந்தப் பெண்மணியைப் பற்றி எழுதியிருந்தாய். மண்ணுக்குள் இருக்கிற குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று தோண்டாமல் யாராலும் சொல்ல முடியாது. உச்சியில் இருக்கிற மூக்கைக் கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டதாம், குழாயையும் அலசியாகிவிட்டதாம், கசிவும் இல்லையாம். அப்படியும் தண்ணீர் எழவில்லையாம். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன். நீ படித்தபோது தண்ணீர் எப்போதும் ஒரே உயரத்துக்குத்தான் போகுமா? ஞாபகம் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


மே 6

தங்கை வாலுவுக்கு அண்ணன் எழுதுவது,

நான் கடிதம் எழுதுகிறேன் என்றால் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று நீயே புரிந்துகொள்வாய். பயப்படாதே, அம்மா நன்றாக இருக்கிறாள். எல்லாரும் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே.

உன் அண்ணிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீ மனுப் போட்டாயே ஒரு டிப்ளமோப் பெண்மணிமேல், அது உன் அண்ணிதான். பிப்ரவரியிலிருந்து அங்கேதான் வேலை. நீரூற்றைச் சரி பண்ணி, தண்ணீர் மேலே போனதும் ஒரு படம் எடுத்து உனக்கு அனுப்பி அசத்த வேண்டும் என்று இருந்தாள். "வாலுகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது" என்று எனக்கும் அம்மாவுக்கும் உத்தரவு. ராத்திரிச் சாப்பாட்டின்போதெல்லாம் அதே பேச்சு. நானும் அங்கே மூன்று வருஷம் படித்தவன், ஒருநாளும் அந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்று நினைத்ததில்லை.

பதிவாளர் உங்கள் மனுவை அவள் மேஜைமேல் கொண்டுபோய் வைத்திருக்கிறார். முதல் கையெழுத்து யாருடையது என்று பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தாள். பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, போய்ச் சாதம் வடித்தாள். மறுநாள் நான் துருவித் துருவிக் கேட்டுத்தான் தெரிந்தது. "எழுதினது நல்லாத்தான் இருக்கு, வாலு எப்பவுமே நல்லா எழுதுவா" என்றாள்.

இப்போது பதிவாளர் கெடு வைத்திருக்கிறார். விழா அன்றைக்குத் தண்ணீர் மணிக்கூண்டைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் பழைய ஊற்றைப் பெயர்த்துவிட்டு, கலர் விளக்குப் போட்டுப் பாட்டுக்கு ஆடுகிற புது ஊற்றாம். ஒரு கம்பெனிக்காரன் படம் போட்ட புத்தகத்தோடு வாசலிலேயே நிற்கிறான். உன் அண்ணியையும் பழைய ஆபீசுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருப்பி அனுப்பினால் இந்த வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் பட்டம் வாங்கினவர்கள் வீட்டில் நான் மட்டும் இப்படி என்று அவளே நினைத்துக்கொள்வாள், அதுதான் எனக்குத் தாங்காது.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். பக்கம் தீர்ந்துவிட்டது.

அண்ணன்


மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? உண்மையிலேயே கேட்கிறேன். நான் இருக்கிறேன்.

நாலைந்து முறை எழுத ஆரம்பித்துக் கிழித்துப் போட்டுவிட்டேன். என்ன எழுதினாலும் மறுபடி படித்தால் மனு மாதிரியே இருக்கிறது. அதனால் நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஞாபகம் வருகிற எல்லாவற்றையும் எழுதுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஒரே உயரத்துக்குப் போகாது. காற்று இருந்தால் சாயும், அதை விடுங்கள். பரீட்சை மாதத்தில் கொஞ்சம் இறங்கியிருக்கும். எங்களோடு சேர்ந்து அதுவும் பயப்படுகிறது என்போம். விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் போன பிறகு, ஒரு முறை நான் மட்டும் விடுதியில் தங்கிவிட்டேன். அப்போது மணிக்கூண்டுக்கும் மேலே போயிற்று. பார்க்க ஆள் இல்லாதபோது இப்படி எழும்புகிறதே என்று எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது.

காலையில் ஒரு கூத்து நடக்கும். ஆண்கள் சாப்பாட்டுக் கூடத்துத் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் நீரூற்று நேராகத் தெரியும். பையன்கள் கையில் தட்டோடு நின்றுகொண்டு, "குனியுது பாருடா, அம்மணிங்க குளிக்கப் போயாச்சு" என்பார்களாம். நாங்கள் குளித்து முடித்ததும் நிமிர்ந்துவிடுமாம். நாங்கள் எப்போது வகுப்புக்குக் கிளம்புவோம் என்று அதை வைத்தே கணக்குப் போட்டு வாசலில் வந்து நிற்பார்கள். எங்களுக்குத் தெரிந்தபோது வெட்கமாகப் போயிற்று. பிறகு வேண்டுமென்றே எல்லாக் குழாயையும் திறந்து விட்டு, அவர்களைத் தாழ்வாரத்திலேயே காக்க வைத்தோம். வெட்டிப் பேச்சுதான் இது, இருந்தாலும் எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்று சொன்னேனே.

வேறு: உச்சி மூக்கின் துவாரம் ஒரு நாணயம் அளவு இருக்கும். தண்ணீர் விழுகிற சத்தம் மேற்குப் பக்கம்தான் அதிகம். குளிர் காலத்தில் தொட்டியில் ஆவி பறக்கும்.

ரப்பர் பூட்ஸ் காலைக் கடிக்கிறதா? உள்ளே தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு ஜோடி அனுப்புகிறேன்.

வாலு


ஜூன் 11

அன்பு வாலுவுக்கு,

எல்லாரும் நலம். நீயும் நலமாக இரு, நூறு வருஷம் இரு. காலுறை வந்தது, போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அந்த டிப்ளமோப் பெண்மணி நான்தான் என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று உன் அண்ணனைக் கேட்டேன். பல் தேய்க்கிற சாக்கில் போனவர் அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். அந்தப் பையன்கள் தட்டோடு நிற்கிற இடம் வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். விடுதியில் குளித்தால் நீரூற்று ஏன் குனிய வேண்டும்? விடுதிக்கு வேறு கிணறு, வேறு குழாய். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நானும் அந்த வரைபடத்தை நம்பித்தான் புல்வெளி முழுவதையும் தோண்டினேன். தோண்ட வேண்டிய இடம் அது இல்லை.

விடுதிக்கு ஓடினேன். காப்பாளர் அம்மாள் முதலில் உள்ளே விட மாட்டேன் என்றார். "எதுக்கு?" என்றார். "உங்க பொண்ணுங்க குளிக்கிறதைப் பத்திப் பேசணும்" என்று அவசரத்தில் உளறிவிட்டேன். அப்புறம் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து விளக்க வேண்டியதாயிற்று. பின்பக்கம் துணி துவைக்கிற கல் இருக்கிறதே, அதைப் புரட்டினோம். அடியில் ஒரு வால்வு. எப்போதோ கிணறு வற்றின வருஷத்தில் அவசரத்துக்கு நீரூற்றுக் குழாயிலிருந்து ஒரு கிளை இழுத்திருக்கிறார்கள், மூட மறந்திருக்கிறார்கள். உங்கள் நாளில் சின்ன விடுதி, காலையில் மட்டும் இழுத்தது. இப்போது புதிதாக மூன்று மாடி, மேலே வரிசையாகத் தொட்டிகள். நாள் பூராவும் நீரூற்றின் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

இப்போது சிக்கல். வால்வு துருவேறி இறுகிவிட்டது. பலவந்தப்படுத்தினால் உடைந்து, விடுதிக்குத் தண்ணீரே இல்லாமல் போகும். கிணறு மட்டும் அத்தனை பேருக்குப் போதாது. புதுக் குழாய் போட்டால்தான் சரியாகும், அது விழாவுக்குள் முடியாது. ஒரே வழிதான் இருக்கிறது. விழா அன்றைக்குக் காலையில் விடுதியில் ஒரு குழாயைக்கூடத் திறக்காமல் இருந்தால், மேலே தொட்டிகள் நிரம்பியபடியே இருக்கும், கிளையில் தண்ணீர் இழுக்காது, அத்தனையும் நீரூற்றுக்கு வரும். ஆனால் விழா நாளில் பெண்களைக் குளிக்காதே என்று யார் சொல்வது? நான் உத்தரவு போட முடியாது. போட்டாலும் ஒருத்தி திறந்தால் எல்லாரும் திறப்பார்கள்.

நீ அங்கே இருந்தவள். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

உன்
அண்ணி


ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலம், நலம். உங்கள் கடிதத்தை அவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். துவைக்கிற கல்! எத்தனை நாள் அந்தக் கல்மேல் உட்கார்ந்து காலாட்டியிருக்கிறேன் தெரியுமா?

இதோடு விடுதிப் பெண்களுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். மாடியில் கடைசி அறையில் இருந்த ஒருத்தி எழுதுவதாக எழுதியிருக்கிறேன். பையன்கள் கதையையும் சேர்த்திருக்கிறேன். "நாங்கள் நான்கு வருஷம் நீரூற்றைக் குனிய வைத்தோம். நிமிர்த்துகிற பாக்கியம் உங்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது. ஒரே ஒரு நாள் காலையில் குளிக்காமல் வந்து நில்லுங்கள், காலத்துக்கும் சொல்லிக்கொள்ளலாம்" என்று முடித்திருக்கிறேன். கூச்சப்படாமல் உரக்கப் படியுங்கள்.

விழாவுக்கு வருகிறேன். இரண்டே நாள் லீவு, அன்றைக்கு ராத்திரியே திரும்ப விமானம். கோட்டுக்காரரும் வருகிறார். மனுவைத் திரும்பப் பெற வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். "போன கடிதம் போனதுதான், இப்ப என்ன திடீர்னு?" என்றார். காரணம் கேட்டார். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அம்மாவிடம் என் படுக்கையைத் தயார் பண்ணச் சொல்லுங்கள்.

உங்கள்
வாலு


ஜூலை 30

அன்பு வாலுவுக்கு,

அத்தை இப்போதே உன் படுக்கையை வெயிலில் போட ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் நலம். பயணத்துக்கு முன்னால் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தை விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஸ்டூல்மேல் ஏறி நின்று படித்தேன். முதல் வரியில் குரல் நடுங்கியது. பையன்கள் இடம் வந்ததும் கூடமே விழுந்து விழுந்து சிரித்தது, அப்புறம் எனக்குப் பயம் போய்விட்டது. முடித்ததும் ஒருத்தி எழுந்து, "புது டிரஸ் வாங்கி வச்சிருக்கேன், குளிக்காம எப்படி மேடம் போடறது?" என்றாள். பின்னாலிருந்து இன்னொருத்தி, "நீ மத்த நாள்ல குளிச்சிட்டா வர்றே?" என்று கேட்டாள். அதோடு கை தூக்கச் சொன்னேன். காப்பாளர் அம்மாளும் கை தூக்கினார்.

சொன்னது சொன்னதுதான், ஆனால் காலையில் கண் விழித்ததும் பழக்கத்தில் ஒருத்தி குழாயைத் திருப்பினாலும் போச்சு. ஒத்திகை பார்க்கவும் முடியாது. இரண்டு நாள் குளிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. எனக்குப் பயமாக இருக்கிறது வாலு. உன்னிடம் சொல்வதற்கென்ன. சாப்பாடு இறங்கவில்லை.

விழா அன்று என்னைத் தேடாதே. மேடையில் நாற்காலி போடுகிறேன் என்றார் பதிவாளர், வேண்டாம் என்றுவிட்டேன். நீரூற்றுக்குத் தண்ணீர் திறந்து விடுகிற பெரிய வால்வுக் குழிக்குள் இருப்பேன். பழைய குழாய், சட்டென்று திறந்தால் உதறி வெடித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். அதை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன். நீ மணிக்கூண்டு நேராகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொள்.

உன்
அண்ணி


ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். அங்கே எல்லாரும் சௌக்கியமா? அன்றைக்கு வீடு முழுக்க ஆட்கள், விமானத்துக்கு நேரமாகிவிட்டது, வாசலில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர ஒன்றும் பேசவில்லை. நீங்களும் "காதை மூடிக்கோ, விமானத்துல குளிரும்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டீர்கள். விமானத்தில் ஏறிய பிறகுதான் உறைத்தது, தண்ணீர் எழும்பியதை நீங்கள் பார்க்கவே இல்லை. குழிக்குள் இருந்தீர்கள். எல்லாரும் பார்த்ததை, செய்த நீங்கள் பார்க்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

விடுதிப் பெண்கள் மொத்தமாக வந்து மேற்குப் பக்கம் நின்றார்கள். அத்தனை பேரும் புது டிரஸ். கிட்டே போனால் சென்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. அந்தப் பக்கம் நின்ற பையன்களுக்கு விஷயம் தெரியும் போல, ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. கிண்டல் பண்ணினால் என்ன நடந்திருக்கும் என்று அந்தப் பெண்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

துணைவேந்தர் கொடியை அசைத்தார். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை அண்ணி. கம்பெனிக்காரன் பதிவாளர் காதில் குனிந்து ஏதோ சொன்னான். பக்கத்தில் அம்மா, "அவ மெதுவாத்தான் திறப்பா, சொல்லியிருக்கா" என்றாள். எனக்கு இல்லை, முன்னால் நின்ற யாரோ ஒருவருக்குச் சொன்னாள். அவர் அவளை எதுவும் கேட்கவே இல்லை.

அப்புறம் உச்சியில் ஒரு குமிழ். முழங்கை உயரம் வந்தது. ஆள் உயரம் வந்தது. அங்கேயே நின்றது. நீங்கள் அடுத்த திருப்பு திருப்பியிருக்கிறீர்கள். நூலகத்து முதல் மாடி ஜன்னல், இரண்டாம் மாடி ஜன்னல். கூட்டத்தில் எல்லார் தலையும் பின்னால் சாய்ந்துகொண்டே போனது. மணிக்கூண்டின் கடிகாரத்தைத் தொட்டது. தாண்டிப் போனது அண்ணி. வெயில் பட்டு உச்சி உடைந்து, மேற்குக் காற்றில் அப்படியே சாய்ந்து மேடையில் இருந்த எல்லார்மேலும் விழுந்தது. பதிவாளர் கண்ணாடியைத் துடைக்கக்கூட இல்லை, சிரித்துக்கொண்டே நனைந்தார். விடுதிப் பெண்கள் போட்ட கூச்சல் குழிக்குள் உங்களுக்குக் கேட்டிருக்கும். அதில் ஒரு குரல் என்னுடையது. நான் தனியாக இருந்த அந்த விடுமுறையில்கூட இவ்வளவு உயரம் பார்த்ததில்லை.

நான் நனைந்து நிற்கிறேன், பக்கத்தில் கோட்டுக்காரர் கோட்டோடு நனைந்து நிற்கிறார். அவர் கண்ணிலும் தண்ணீர். கைக்குட்டையை எடுத்துக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பாத்தீங்களா, நம்ம மனு வேலை செஞ்சிருக்கு. அந்த டிப்ளமோவை மாத்திட்டு யாரைப் போட்டாங்களாம்?" என்று என்னைக் கேட்டார். எங்கள் சங்கத்துக்காரர்கள் அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"மாத்தலை சார். அவங்களேதான். அவங்க எங்க அண்ணி" என்றேன்.

அவர் கைக்குட்டையை இறக்கினார். எங்கே என்று கேட்டார். நான் குழியைக் காட்டினேன். நீங்கள் அப்போதுதான் முகமெல்லாம் சேறோடு, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்துகொண்டிருந்தீர்கள்.

உங்கள்
வாலு